லோர்னா விங்கின் ஆட்டிசம் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேசுவதும் சிறுவயது முதலே வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) பற்றிப் பேசுபவர்கள் இன்று ‘ஸ்பெக்ட்ரம்’ என்று சேர்த்தே சொல்கிறார்கள்; ஒரே நிலை பல வடிவங்களில் வரும் என்பது அதன் பொருள். அந்தக் கருத்தை ஆய்வுலகத்தில் நிலைநிறுத்தியவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங். அவர் யார், என்ன செய்தார், அவருக்குப் பிறகு ஆய்வு எந்தத் திசையில் போனது, எங்கே அவரை மறுத்தது என்று வாசகர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

லோர்னா விங் யார்?

1928ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள கில்லிங்ஹாமில் பிறந்தவர். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். உடன் படித்த ஜான் விங்கை மணந்தார். இருவருமே மனநல மருத்துவத்துக்குள் வந்தார்கள். ஜான் விங் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) ஆய்வில் பெயர் பெற்றவர். 1965 முதல், லண்டனில் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் சமூக மனநல ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். லோர்னாவின் முக்கியமான ஆய்வுகள் பலவும் அந்தப் பிரிவில் நடந்தவைதான். 2014ல் தன் 85ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் ஏன் ஆட்டிசத்தை எடுத்துக்கொண்டார்?

மகள் சூசிக்காக. சூசி 1956ல் பிறந்தாள். ஒருமுறை ரயிலில் போகும்போது எதிரே ஒரு தாயும் சூசியின் வயதிலேயே ஒரு ஆண் குழந்தையும் இருந்தார்கள். அந்தக் குழந்தை ஜன்னலுக்கு வெளியே எதையோ சுட்டிக்காட்டுவதும், அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. சூசி ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை என்பது அப்போதுதான் லோர்னாவுக்கு உறைத்தது. பின்னாளில் பேட்டியில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். தான் பார்க்கும் பொருளை இன்னொருவரும் பார்க்கவேண்டும் என்று ஒரு குழந்தை விரும்புவது, இன்று ஆட்டிசத்தை முன்கூட்டியே கண்டறிவதில் மருத்துவர்கள் முதலில் கவனிக்கும் விஷயங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் பாடப்புத்தகத்தில் அது இல்லை.

சூசிக்குச் சுமார் 3 வயதாகும்போது, குழந்தை மனநல மருத்துவர் மில்ட்ரெட் க்ரீக் ஆட்டிசம் பற்றிப் பேசிய ஒரு சொற்பொழிவை ஜான் விங் கேட்டார். மகளுக்கு இருப்பது இதுதான் என்று அவருக்குப் புரிந்தது. பயிற்சி பெற்ற இரண்டு மருத்துவர்கள் இருந்த வீட்டிலேயே இந்த நிலை. மற்ற பெற்றோருக்கு என்ன வழி இருந்திருக்கும்?

1962ல் விங் தம்பதியரும் வேறு சில பெற்றோரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று பிரிட்டனில் தேசிய ஆட்டிசம் சங்கம் என்று அறியப்படுவது அதுதான். அந்தச் சங்கத்தின் முதல் பள்ளி 1965ல் லண்டனின் ஈலிங் பகுதியில் சிபில் எல்கர் என்ற ஆசிரியையின் பொறுப்பில் வந்தது. இங்கிலாந்தில் எவ்வளவு ஊனம் இருந்தாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உண்டு என்று சொன்ன சட்டமே 1970ல்தான் நிறைவேறியது. அதற்கு முன்னால் ‘கற்பிக்க முடியாதவர்’ என்று ஒரு குழந்தையை ஒதுக்கிவிட அதிகாரிகளால் முடிந்தது.

அப்போது எதை ஆட்டிசம் என்றார்கள்?

1943ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கில மருத்துவ உலகில் ஆட்டிசத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கானரின் அவதானிப்பு அசாத்தியமானது. இன்று படித்தாலும் அந்தக் குழந்தைகள் கண்ணெதிரே வந்து நிற்பார்கள். பிறகு 1956ல் அவரும் லியான் ஐசன்பர்க்கும் இரண்டு அடையாளங்களை முதன்மையாக்கினார்கள். ஒன்று, மனிதர்களிடமிருந்து முற்றாக விலகியிருப்பது. இன்னொன்று, எதுவும் மாறக்கூடாது என்ற பிடிவாதம்.

அந்தக் குறுகிய வாசலில் நுழைந்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது. பேச ஆசைப்பட்டு விசித்திரமாகப் பேசும் குழந்தை உள்ளே வராது. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருக்கும் குழந்தையைப் பெரும்பாலும் வேறு கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பெற்றோர் மேல் பழி சொல்லும் பேச்சும் உடன் இருந்தது. அன்பில்லாத, குளிர்ந்த தாய்தான் காரணம் என்ற கருத்தை சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் வெளியிட்ட நூலால் ஊரெல்லாம் பரப்பினார். அதனால் நொந்துபோன தாய்மார்களுக்குக் கணக்கே கிடையாது. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் (அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன்) 1964லேயே இதை எதிர்த்து எழுதியிருந்தார். 1977ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். லோர்னா விங் 1971ல் பெற்றோருக்கென்றே எழுதிய வழிகாட்டி நூலும் இந்தப் பழியை இறக்கிவைக்க உதவியது.

கேம்பர்வெல் ஆய்வு என்கிறார்களே, அது என்ன?

கேம்பர்வெல் தென்கிழக்கு லண்டனில் ஒரு பகுதி. உழைக்கும் மக்கள் நிறைய வாழ்ந்த இடம். மாட்ஸ்லி மனநல மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. மனநலச் சேவைகளை நாடிய அந்தப் பகுதி மக்களின் விவரங்களை ஜான் விங்கின் பிரிவு 1964 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வந்தது. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகையும் அங்கே யார் யார் உதவி தேடுகிறார்கள் என்பதும் ஒருசேரத் தெரிந்தால்தான் இப்படிப்பட்ட ஆய்வு செய்ய முடியும். அந்த வசதி அங்கே இருந்தது.

1970களில் லோர்னா விங்கும் உளவியலாளர் ஜூடித் கூல்டும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஆட்டிசம் என்று முத்திரை குத்தப்பட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளை அவர்கள் தேடவில்லை. கேம்பர்வெல்லில் 15 வயதுக்குட்பட்ட சுமார் 35,000 குழந்தைகள் இருந்தார்கள். உடல், மனம், நடத்தை என ஏதாவது ஒரு சிரமத்துக்காக மருத்துவ, கல்வி, சமூக சேவைத் துறைகளுக்குத் தெரிந்திருந்த 914 குழந்தைகளின் விவரத்தை முதலில் பார்த்தார்கள். அவர்களிலிருந்து 132 பேரை விரிவாக ஆராய்ந்தார்கள். குழந்தையை நேரில் கவனிப்பது, சோதிப்பது, பெற்றோரிடமும் பராமரிப்பவர்களிடமும் நீண்ட நேரம் கேட்டு எழுதுவது என்று பொறுமையான வேலை அது.

இந்த முறை ஏன் அவ்வளவு முக்கியம்? அதுவரையிலான பெரும்பாலான ஆய்வுகள் சிறப்பு மருத்துவமனைக்கு வந்துசேர்ந்த குழந்தைகளை வைத்துச் செய்தவை. வலையில் விழுந்த மீனை மட்டும் பார்த்துக் கடலைப் பற்றிப் பேசியது போல. யாருக்கு அந்த மருத்துவர் பெயர் தெரியும், யாரால் அங்கே போகமுடியும், எந்தக் குழந்தை பாடப்புத்தக வர்ணனைக்குப் பொருந்துகிறது என்பவையெல்லாம் சேர்ந்து முடிவை வளைத்துவிடும். விங்கும் கூல்டும் எந்தப் பெயரையும் முன்கூட்டி வைத்துக்கொள்ளாமல், சமூகத் தொடர்பில் தடுமாறும் குழந்தைகள் இந்த வட்டாரத்தில் யார் யார் என்று தேடினார்கள். லோர்னாவின் பிற்காலக் கருத்துகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து முளைத்தவை என்றே நான் நினைக்கிறேன்.

அதில் கிடைத்த எண்கள் என்ன சொல்கின்றன?

அந்த 132 பேரில் 74 பேருக்குச் சமூகத் தொடர்பில் கடுமையான குறைபாடு இருந்தது. 10,000 குழந்தைகளுக்குச் சுமார் 21 பேர் என்று கணக்கு வருகிறது. கானர் சொன்ன அச்சில் அப்படியே பொருந்தியவர்களோ 17 பேர்தான். அதாவது 10,000க்கு 4.9. விக்டர் லாட்டர் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் 8 முதல் 10 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 1966ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 10,000க்கு 4.5 என்று வந்திருந்தது. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஆக, பழைய எண் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு வெளியே, அதே உதவி தேவைப்படும் குழந்தைகள் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பெயரும் இல்லை. பெயர் இல்லாததால் சேவையும் இல்லை.

மீதி 58 குழந்தைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த ஆய்வின் அழகு பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு இருந்தது. ஆனாலும் தங்கள் மன வளர்ச்சிக்கு ஏற்றபடி மற்றவர்களோடு இயல்பாகப் பழகினார்கள். அறிவு குறைவாக இருப்பதும் உறவாடுவதில் தடுமாறுவதும் வெவ்வேறு விஷயங்கள் என்று இந்த ஒப்பீட்டில்தான் தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து இருக்கலாம். ஆனால் ஒன்று இன்னொன்றாகிவிடாது.

முடிவுகள் 1979ல் ஆட்டிசத்துக்கென்றே உள்ள ஒரு அமெரிக்க ஆய்விதழில் வந்தன. இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது.

குழந்தைகளை மூன்று வகையாகப் பிரித்தாரா?

ஆமாம், மற்றவர்களோடு அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை வைத்து.

விலகியிருப்பவர்கள் முதல் வகை. அருகில் ஆள் இருப்பதே தெரியாதது போல இருப்பார்கள். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். ஒரு பொருள் வேண்டுமென்றால் பெரியவரின் கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். பொதுமக்கள் மனதில் ஆட்டிசம் என்றால் வரும் படம் இதுதான்.

அடுத்த வகையினர் தாங்களாகப் போய்ப் பழகமாட்டார்கள். யாராவது அழைத்தால் மறுக்கவும் மாட்டார்கள். மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொண்டால் குழந்தையாகவோ நோயாளியாகவோ நடிக்கக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். தொந்தரவே இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்குவதால் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. வகுப்பறையில் இன்றும் கடைசியாகத் தெரியவருவது இவர்கள்தான்.

மூன்றாவது வகையினர் பழகத் துடிப்பவர்கள், ஆனால் விசித்திரமான வழியில். தெரியாத ஆளிடமும் போய்த் தனக்குப் பிடித்த ஒரே விஷயத்தை விடாமல் பேசுவார்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அளவுக்கு மீறி நெருங்கி நிற்பார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆட்டிசம் என்று 1970களில் சொல்லியிருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

பின்னாளில் மிதமிஞ்சிய மரியாதையோடும் விறைப்போடும் பழகும் பெரியவர்களை நான்காவதாகச் சேர்த்தார். இவை நிரந்தரமான பெட்டிகள் அல்ல. ஒரே பிள்ளை வளர வளர ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம், வீட்டில் ஒரு மாதிரியும் பள்ளியில் ஒரு மாதிரியும் இருக்கலாம் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

‘முக்குறைபாடு’ என்று சொல்வது எதை?

சமூக உறவு, கருத்துப் பரிமாற்றம், கற்பனை ஆகிய மூன்றிலும் சேர்ந்து வரும் குறைபாட்டை. சமூக உறவில் தடுமாறிய குழந்தைகளிடம் மற்ற இரண்டும் கூடவே இருப்பதையும், திரும்பத் திரும்ப ஒரே செயலில் ஈடுபடுவது அதோடு ஒட்டி வருவதையும் கேம்பர்வெல்லில் கண்டார்கள்.

மூன்றாவதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கற்பனையே கிடையாது என்று விங் சொல்லவில்லை. ஓவியரும் எழுத்தாளரும் அவர்களில் உண்டு. அவர் சொன்னது சமூகக் கற்பனை: இன்னொருவராகப் பாவித்து விளையாடுவது, அடுத்தவர் என்ன நினைப்பார் என்று யூகிப்பது, இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டி மனதில் ஓட்டிப் பார்ப்பது. பொம்மைக்கு உணவு ஊட்டும் விளையாட்டைப் பார்த்துவிட்டு அதே வசனத்தோடு அதே வரிசையில் தினமும் செய்யும் குழந்தை பாவனை விளையாட்டு ஆடுவது போலத்தான் தெரியும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் அது நகல் என்று புரியும்.

ஆட்டிசம் படித்த, வசதியான குடும்பங்களில்தான் அதிகமா?

இல்லை. கானரின் குழந்தைகளுடைய பெற்றோரில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் நிறைய இருந்ததால் இந்த எண்ணம் வந்தது. 1980ல் விங் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். கேம்பர்வெல் முழுவதும் தேடியபோது சமூக வர்க்கத்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. படித்த பெற்றோருக்குச் சிறப்பு மருத்துவரைத் தேடிப்போகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஸ்பெக்ட்ரம் என்றால் லேசானது முதல் கடுமையானது வரை ஒரு கோடா?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். விங் நினைத்தது அதுவல்ல. முதலில் 1980களில் ‘தொடர்ச்சி’ என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தினார். அது நேர்கோட்டை நினைவுபடுத்தியதால் பிறகு ‘ஸ்பெக்ட்ரம்’ என்று மாற்றிக்கொண்டார். ஒரே பிள்ளைக்கு மொழி நன்றாக இருக்கலாம், ஒலிகளைத் தாங்கமுடியாமல் இருக்கலாம், சட்டை பொத்தான் போடத் தெரியாமல் இருக்கலாம். அதை ஒரு கோட்டில் எந்த இடத்தில் வைப்பது?

எங்கே ஆட்டிசம் முடிந்து இயல்பான விசித்திரம் தொடங்குகிறது என்று கூர்மையான எல்லை இல்லை என்பதும் அவருடைய உறுதியான கருத்து. எல்லை மங்கலாக இருப்பது நிர்வாகத்துக்குச் சிக்கல்தான். அதற்காக இல்லாத கோட்டைக் கிழிக்க அவர் தயாராக இல்லை.

ஆஸ்பெர்கர் என்ற பெயரைப் பிரபலமாக்கியது அவரா?

ஆமாம். வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944ல் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை ஆங்கில உலகில் அநேகமாக யாருக்கும் தெரியாது. ஜெர்மன் தெரிந்த ஜான் விங் அதை மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். 1970களின் இறுதியில் ஆஸ்பெர்கர் லண்டன் வந்தபோது மாட்ஸ்லி மருத்துவமனை உணவகத்தில் லோர்னாவும் அவரும் தேநீர் குடித்தபடி விவாதித்தார்கள். தான் கண்டது கானரின் ஆட்டிசத்திலிருந்து வேறானது என்றார் ஆஸ்பெர்கர்; இரண்டும் ஒரே குடும்பம் என்றார் லோர்னா. கருத்து ஒன்றாகாமலே மரியாதையோடு பிரிந்தார்கள்.

1981ல் 5 முதல் 35 வயது வரையுள்ள 34 பேரின் விவரங்களோடு லோர்னா எழுதிய கட்டுரைதான் ‘ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்’ என்ற பெயரை உலகத்துக்குத் தந்தது. ஆஸ்பெர்கரின் கருத்துகளை அவர் அப்படியே ஏற்கவில்லை. மொழி சீக்கிரமே வந்துவிடும் என்று ஆஸ்பெர்கர் எழுதியதற்கு மாறாக, தன் குழுவில் பலர் தாமதமாகப் பேசியதையும் குறிப்பிட்டார். ஆஸ்பெர்கரின் மூலக் கட்டுரையை உளவியலாளர் ஊடா ஃபிரித் 1991ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆட்டிசத்தின் ஒரு வடிவம்தான் இது என்று மருத்துவர்களுக்குப் புரியவைக்கவே விங் அந்தப் பெயரை எடுத்தார். உலகமோ அதைத் தனி நோயாக்கிவிட்டது. 1990களின் வகைப்பாட்டு நூல்களில் அது தனிப் பிரிவாகவே ஏறியது. பண்டோராவின் பெட்டியை (திறந்தால் தொல்லைகள் வெளிவரும் கிரேக்கக் கதைப் பெட்டி) திறந்துவிட்டதாக 2005ல் அவரே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்.

ஆஸ்பெர்கருக்கு நாஜிகளோடு தொடர்பு இருந்ததே?

2018ல் வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு இதை வெளியிட்டார். வியன்னாவில் ‘ஆம் ஷ்பீகல்கிரண்ட்’ என்ற இடத்தில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அங்கே அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஆஸ்பெர்கர் பரிந்துரைத்தவர்களும் உண்டு. விங் காலமாகி நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. இன்று பலர் அந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள். சரியான முடிவு என்பது என் எண்ணம். அதே சமயம், 1981 கட்டுரையால் தங்கள் வாழ்க்கைக்கு முதன்முறையாக ஒரு விளக்கம் கிடைத்த பெரியவர்கள் பலர். அந்த நன்மையை நாம் மறக்கத் தேவையில்லை.

நோய் வகைப்பாட்டு நூல்களில் அவருடைய தாக்கம் எவ்வளவு?

மிகப் பெரியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் 1980ல் ‘மழலைப்பருவ ஆட்டிசம்’ என்ற இறுக்கமான வரையறை இருந்தது. எல்லா அடையாளமும் இருக்கவேண்டும், 30 மாதத்துக்குள் தொடங்கியிருக்கவேண்டும் என்றது. 1987 திருத்தப் பதிப்பு முக்குறைபாட்டை ஒட்டி மூன்று தொகுதிகளாக அடையாளங்களை அடுக்கியது. அந்தத் திருத்தத்தில் விங் நேரடியாகப் பங்கெடுத்தார். 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆஸ்பெர்கர் உள்ளிட்ட உட்பிரிவுகளை எடுத்துவிட்டு ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற ஒரே பெயரைத் தந்தது. 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதே வழிதான்.

ஆனாலும் அவர் திருப்தியடையவில்லை. ஐந்தாம் பதிப்பின் வரைவு வெளிவந்ததும் 2011ல் கூல்டோடும் ஸ்வீடனைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் கில்பெர்கோடும் சேர்ந்து விமர்சனம் எழுதினார். சமூகக் கற்பனை விடுபட்டிருக்கிறது, கைக்குழந்தைகளையும் பெரியவர்களையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, பெண்களிடம் இது வேறுவிதமாகத் தெரிவது கவனிக்கப்படவில்லை என்றார்கள். 82 வயதிலும் வரைவை வரிவரியாகப் படித்துக் குறை சொன்னவர் அவர்.

ஆட்டிசம் எண்ணிக்கை கூடியதற்கு இவர்தான் காரணமா?

பதிவாகும் எண்ணிக்கை கூடியதில் அவருக்குப் பங்கு உண்டு. வரையறை விரிந்தால் எண் கூடும். 2002ல் டேவிட் பாட்டரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், உயர்வின் பெரும்பகுதி, ஏன் முழுவதும்கூட, வரையறை மாறியதாலும் விழிப்புணர்வு வளர்ந்ததாலும் வந்ததாகவே சான்றுகள் காட்டுகின்றன என்றார். உண்மையிலேயே கொஞ்சம் கூடியிருக்கிறதா என்பதைத் திறந்த கேள்வியாக விட்டார்.

அப்போது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசி மேல் பெரிய பீதி இருந்தது. 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை அதைக் கிளப்பியது. 2010ல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்தத் தடுப்பூசி உட்படச் சொல்லப்பட்ட எந்தச் சுற்றுச்சூழல் காரணமும் சுதந்திரமான ஆய்வில் உறுதியாகவில்லை என்று அந்தப் பீதியின் நடுவிலேயே விங் தெளிவாக எழுதினார்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

1981லேயே ஆண்-பெண் விகிதம் பற்றித் தனியாக எழுதினார். அறிவுத்திறன் குறைபாடு கடுமையாக இருந்த பிள்ளைகளில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற அளவில் இருந்த விகிதம், அறிவுத்திறன் நன்றாக இருந்தவர்களிடம் ஒரு பெண்ணுக்கு 15 ஆண் என்று போனது. அவ்வளவு பெரிய வித்தியாசம் முழுக்க இயற்கையானதாக இருக்க முடியுமா, புத்திசாலிப் பெண்கள் கண்ணில் படாமல் போகிறார்களா என்ற கேள்வியைப் பிற்கால ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜூடித் கூல்ட் தன் பிற்காலப் பணியில் பெண்களின் மேல் தனிக் கவனம் வைத்தார். ஆட்டிச அடையாளங்களை வெளியே தெரியாமல் ‘மறைத்து வாழ்தல்’ பற்றி இன்று வரும் ஏராளமான ஆய்வுகளுக்கு இது ஒரு தொடக்கப் புள்ளி.

டிஸ்கோ என்ற கருவி எதற்கு?

ஒருவரின் வளர்ச்சி வரலாற்றை முழுதாகக் கேட்டு எழுதும் நேர்காணல் முறை அது. கேம்பர்வெல்லுக்காக உருவாக்கிய கேள்வித்தொகுப்பிலிருந்து வளர்ந்தது. ஆட்டிசமா இல்லையா என்று மட்டும் பார்ப்பதோடு நிற்காமல், இந்த ஆளுக்கு எதில் பலம், எதில் உதவி வேண்டும் என்று கேட்கும். 1991ல் லண்டனின் ப்ராம்லி பகுதியில் விங்கும் கூல்டும் தொடங்கிய கண்டறியும் மையத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் அந்த மையத்துக்கு லோர்னா விங்கின் பெயர் சூட்டப்பட்டது.

மற்ற ஆய்வாளர்கள் மேல் தாக்கம் எப்படி?

உளவியலில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். சமூக உறவு, பேச்சு, கற்பனை மூன்றும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்ற கேள்வியை முக்குறைபாடு எழுப்பியது. 1985ல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊடா ஃபிரித் மூவரும் ஒரு விடை தந்தார்கள்: அடுத்தவர் மனதில் வேறு எண்ணம் இருக்கும் என்று உணரும் திறன் இந்தக் குழந்தைகளிடம் குறைபட்டிருக்கிறது, அதனால்தான் மூன்றும் சேர்ந்து தடுமாறுகின்றன என்றார்கள். மூன்றையும் ஒரே நூலில் கட்ட முடிகிறதே என்பதுதான் அந்தக் கோட்பாட்டின் கவர்ச்சி. ஸ்வீடனில் எலர்ஸும் கில்பெர்கும் 1993ல் சாதாரணப் பள்ளிகளில் தேடி, 10,000க்கு 36 பேருக்கு ஆஸ்பெர்கர் நிலை இருப்பதாகக் கண்டார்கள். கேம்பர்வெல்லில் தேடாமல் விட்ட சாதாரண வகுப்பறைகளை நோக்கிய அடுத்த அடி அது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பங்களிப்பும் உண்டு. 2000ல் அமிதா ஷாவோடு சேர்ந்து, ஆட்டிசம் உள்ள இளைஞர்களில் சிலர் அசைவே உறைந்துபோகும் ‘கேட்டடோனியா’ நிலைக்குப் போவதை விவரித்தார். தங்கள் மையத்துக்கு வந்த 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 17 சதவீதத்தினரிடம் அது தெரிந்தது. பிடிவாதம், சோம்பல் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அந்தக் கட்டுரை எவ்வளவு பெரிய உதவி என்று பராமரிப்பவர்களுக்குத் தெரியும்.

அவரை மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

வலுவான மறுப்பு 2006ல் வந்தது. ஃபிரான்செஸ்கா ஹாப்பே, ஏஞ்சலிகா ரோனால்ட், ராபர்ட் ப்ளோமின் மூவரும் இரட்டையர் ஆய்வுகளை வைத்து, முக்குறைபாட்டின் மூன்று கிளைகளும் பெருமளவு வெவ்வேறு மரபணுக்களால் வருகின்றன, ஒரே காரணத்தைத் தேடுவதை விட்டுவிடலாம் என்றார்கள். மூன்றும் சேர்ந்து வருவதைக் கேம்பர்வெல் சரியாகவே கண்டது. ஆனால் ஊர் முழுக்கத் தேடியபோதும் ஏற்கெனவே சிரமம் என்று பதிவானவர்களை மட்டுமே பார்த்தது. பொதுக் குழந்தைகளிடம் பார்த்தால் மூன்றும் அவ்வளவு ஒட்டிக்கொண்டு வரவில்லை. விங்கின் முறையையே இன்னும் விரிவாக்கியதால் வந்த திருத்தம் என்று இதைச் சொல்லலாம்.

அடுத்த புகார், குடை மிகவும் அகலம் என்பது. பேச்சே இல்லாமல் 24 மணி நேரமும் துணை தேவைப்படுபவரையும் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவரையும் ஒரே பெயரில் அழைத்தால், முதலில் சொன்னவரின் தேவை மறைந்துபோகிறது என்று பல பெற்றோர் வருந்துகிறார்கள். 2021ல் லான்செட் ஆணையம் ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்ற நிர்வாகப் பெயரை முன்வைத்தது இதனால்தான். இந்தக் கவலை நியாயமானது. சூசிக்கே வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்பட்டது. அந்த நிலையை லோர்னா வீட்டுக்குள்ளிருந்தே அறிந்தவர்.

மூன்றாவது, ‘குறைபாடு’ என்ற பார்வையே தவறு என்பவர்கள். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012ல், புரிதல் உடைவது இரண்டு பக்கமும்தான், ஒரு பக்கத்தின் மேல் மட்டும் குறையை ஏற்றக்கூடாது என்று வாதிட்டார். விங்கின் கட்டுரைகளில் இந்தக் கோணம் இல்லை என்பது உண்மை.

அவர் சிகிச்சை ஏதும் கண்டுபிடித்தாரா?

இல்லை, அவர் அதைத் தேடவும் இல்லை. சரியாகக் கண்டறிவது, பள்ளி, பழக்கமான ஒழுங்கு, புரிந்துகொள்ளும் ஆட்கள் என்று இவற்றைப் பற்றித்தான் எழுதினார்.

அவர் எழுதியதைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

1979 கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அட்டவணைகளைப் பார்த்துத் தயங்க வேண்டாம். குழந்தைகளை விவரிக்கும் பகுதிகளை முதலில் படித்துவிட்டு எண்களுக்கு வரலாம். அப்புறம் 1981 ஆஸ்பெர்கர் கட்டுரை. அதன் இறுதியில் இருக்கும் தனிமனித வரலாறுகள் அருமையானவை. இந்த இரண்டையும் படித்தபின் 2005 கட்டுரையை எடுத்தால், தான் கிளப்பிய விவாதங்களைப் பற்றி அவரே என்ன நினைத்தார் என்பது தெரியும். பெற்றோராக இருந்து நேரம் குறைவு என்றால் 1996ல் அவர் எழுதிய வழிகாட்டி நூல் ஒன்றே போதும். கண்டறியும் அளவுகோல்கள் பிறகு மாறிவிட்டாலும், வீட்டில் அன்றாடம் எப்படி நடந்துகொள்வது என்ற அத்தியாயங்கள் இன்னும் பழசாகவில்லை.